காளிச்சாமியின் முகம் விழுந்த காசு

1991ஆம் ஆண்டு ஆனி மாதம், பல்லடத்துக்குத் தெற்கே ஒரு இடுகாட்டில், காளிச்சாமியின் நெற்றியில் ஒட்டியிருந்த வெள்ளிக்காசை எடுத்தபோது அதிலிருந்த ரோமாபுரி அரசனைக் காணவில்லை. அந்த இடத்தில் காளிச்சாமி இருந்தார். பக்கவாட்டு முகம், சப்பை மூக்கு, தலையில் மட்டும் அரசனின் இலைமாலை. பாலுசாமி தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தும்போது மண் சரிந்து செத்தவரை மேலே தூக்கியபோது, இறுகிய கைக்குள் அந்தக் காசு இருந்தது. நெற்றிக்காசுக்கு வேறு தேட யாருக்கும் தோன்றவில்லை. அதையே சந்தனம் தொட்டு ஒட்டினார்கள். எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரி, வெள்ளி நிஜம்தானா என்று அரசனின் கன்னத்தில் உளியால் வெட்டிப் பார்த்திருந்தார். அந்த வெட்டு அப்படியே இருந்தது. கிணற்றுக் கல்லும் காளிச்சாமியை அங்கேதான் வெட்டியிருந்தது.

நெற்றிக்காசு குழி வெட்டியவருக்குச் சேரவேண்டியது. அவர் வாங்க மறுத்தார். "இதை டீக்கடையில நீட்டுனா இவனுக்கும் சேத்து ரெண்டு டீ போட்டுருவாங்க அம்மணி, நீயே வெச்சுக்க." மனைவி பழனியாத்தாள் முந்தானையில் முடிந்துகொண்டாள். காளிச்சாமி ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அவள் வயிற்றில் குழந்தை இருந்தது.

காரியம் முடிவதற்குள் அதிகாரிகள் வந்து, மண்ணுக்குள் கிடைத்தது அரசாங்கத்துடையது என்று எடுத்துப்போனார்கள். கோயமுத்தூரில் ஒரு காட்சிச்சாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காசு போயிற்று. வைத்தவர் பின்பக்கம் தெரியும்படி வைத்துவிட்டார். அதில் ஒரு சீமாட்டி கையில் கிளையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காளிச்சாமி துணியில் முகம் புதைந்து குப்புறக் கிடந்தார்.

மகள் கயல்விழி பிறந்து, நடந்து, அப்பன் எப்படி இருப்பார் என்று கேட்கத் தொடங்கினாள். பழனியாத்தாளுக்கு அந்த முகம் மறந்துகொண்டே வந்தது. முதலில் காது, பிறகு வாய். உக்கடத்தில் பஸ் இறங்கி வந்து காட்சிச்சாலைக் காவலர் சீனிவாசலுவிடம் நிற்பாள்.

"ஏனுங்க, கொஞ்சம் திருப்பி வெச்சுப்போடுங்க. எம் புள்ள அவங்கப்பனப் பாத்ததில்லைங்க."

"சாவி மெட்ராஸ்லங்கம்மா. கண்ணாடியத் தொட்டா என்னையும் உள்ள வெச்சுப் பூட்டிருவாங்க."

வருஷங்கள் போயின. காசில் இருந்த சீமாட்டி ஒரு கோடையில் கிளையைக் கீழே போட்டாள். அடுத்த கோடையில் எழுந்து போய்விட்டாள். நாற்காலி காலியாக இருந்தது. 1998 ஐப்பசியில், மழை பெய்த ஒரு மத்தியானம், பெட்டிக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது. காசில் பழனியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் போய் அவரைப் பார்க்கத்தான் அவள் உள்ளே போனது. அங்கே வழி இல்லை. இருவருக்கும் ஒரே வெள்ளி, முதுகோடு முதுகு.

சின்னம்மா வீட்டில் வளர்ந்த கயல்விழி மறுவருஷம் வந்தபோது, மெட்ராஸிலிருந்து சாவியும் வந்திருந்தது. சீனிவாசலு பெட்டியைத் திறந்தார்.

"உங்கப்பாவப் பாக்கறயா கண்ணு? திருப்பட்டுமா?"

கயல்விழி பெட்டியின் கண்ணாடியில் விரல் ஊன்றி, நாற்காலியில் இருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"வேண்டாங்க. திருப்புனா அம்மா குப்புறப் போயிரும்."

அவர் பூட்டினார். கண்ணாடியில் பதிந்த அவள் விரல்தடத்தை, தினமும் துடைக்கிற துணியால் துடைத்தார்.