தொடை சொன்ன விலாசம்

அரைக்கால் டிரவுசரில் நின்ற தபால்காரம்மாவின் தொடையிலும் கெண்டைக்காலிலும் கோலிக்குண்டு அளவு வெள்ளை உருண்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள், நடையை அளக்கும் ஆய்வுக்கூடத்துப் பெண். சுற்றிலும் பத்துக் கேமராக்கள். நடுவில் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர், முழங்காலையே அவர்தான் கண்டுபிடித்தவர் மாதிரி.

"தலைமுடி அகலம்கூடத் தப்பாதும்மா. நடங்க."

தொண்ணூற்றெட்டுக் கிலோவையும் சுமந்துகொண்டு நடந்தாள். இருபத்திரண்டு வருஷம் தெருத்தெருவாகப் போன கால். நாலு மாதமாக வலது முழங்காலில் வலி என்று அலுவலகம் இங்கே அனுப்பியிருந்தது. கோணல் அதிகம் என்று காகிதம் வந்தால் ஆயுசுக்கும் முத்திரை குத்தும் நாற்காலிதான். தெருவில் என்றால் நாய்கூட அவளை விசாரிக்கும்.

கேமராக்கள் உருண்டைகளைப் பார்த்து எலும்பைக் கணக்குப்போட்டு வரைந்ததில், திரையில் அவளுடைய கால்கள் குச்சியாகத் தெரிந்தன. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு ஒல்லியாக இருந்ததில்லை. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"முழங்கால் பன்னிரண்டு டிகிரி உள்ளே கோணியிருக்கு," என்றார் இயக்குநர், தீர்ப்பு வாசிக்கும் குரலில். "இனிமே உட்கார்ந்த வேலைதான்."

அவள் திரையையே பார்த்தாள். அவள் நின்றுவிட்டாள், குச்சிக்கால் நிற்காமல் ஆடியது.

"ஐயா, நான் நின்னாச்சு. என் எலும்பு மட்டும் எங்க போய்க்கிட்டிருக்கு?"

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார், உருண்டை சதை மேலதானே இருக்கு? சதை குலுங்கினா இதுவும் குலுங்கும். கனமானவங்களுக்கு எலும்பைத் தடவிப் பிடிக்கிறதே கஷ்டம். ஒரு விரக்கடை தள்ளி ஒட்டிட்டேனோ என்னவோ."

"கேமரா பொய் சொல்லாது!"

"கேமராவை யாரு குத்தம் சொன்னா? தொடை தப்பு விலாசம் குடுத்தா அது என்ன பண்ணும், பாவம்," என்றாள் தபால்காரம்மா. "நல்லா அமுக்கித் தேடு தங்கச்சி. வீட்டுக்காரன் உள்ளதான் இருக்கான்."

பெண் மண்டியிட்டுக் கட்டைவிரலால் அழுத்தி, எலும்பு தட்டிய இடங்களில் மறுபடி ஒட்டினாள். நடந்தபோது ஏழு வந்தது. எடுத்து இன்னொரு முறை ஒட்டினாள், ஐந்து. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை.

"எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம்," என்றவர், பன்னிரண்டை அடித்துவிட்டு எழுதினார்: 'நிற்க வைத்து முழுக்கால் எக்ஸ்ரே எடுத்தபின் முடிவு. அதுவரை நடக்கலாம்.'

அந்த 'நடக்கலாம்' என்பதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மடித்தாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். இடுப்பெலும்புக்கென்று ஒட்டிய உருண்டை தொப்பைமேல் உட்கார்ந்திருக்க, இயக்குநர் பத்துக் கேமராக்களுக்கு நடுவே நடந்தார், நின்றார், திரையைப் பார்த்தார், மூச்சை இழுத்துப் பிடித்தார். யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பினார்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் செய்வதுபோல் அவள் தலையசைத்தாள். பிறகு கைப்பிடியைப் பற்றி, வலிக்கும் காலை முன்னே வைத்து, நிதானமாகப் படியிறங்கினாள்.