பிளாட்பாரத்தில் ஒரு நரைத்த தலை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை அவருடைய மனைவி அடிக்கடி வீட்டை விட்டு வெளியே அனுப்பினாள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. "நீங்க யாரு சார்? அவர் இல்லாத நேரத்துல இப்படி உள்ள வந்து உக்காரலாமா?" என்று கேட்பாள், அவ்வளவுதான். மரியாதையாகத்தான் கேட்பாள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்று போட்டது. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூட, கட்டினவள்தானே திட்டுகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார்.

ஆரம்பத்தில் வாதாடிப் பார்த்தார். நான்தான் உன் புருஷன் என்று நிரூபிக்க, அவள் முதுகில் இருக்கும் மச்சத்தைப் பற்றிச் சொன்னார். அவள் முகம் வெளிறிப் போய்விட்டது. "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் படுக்கையறைக்குள் ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பொழுது சாயும் வரை திறக்கவில்லை. அதற்கப்புறம் அவர் புருஷன் என்ற பேச்சையே எடுப்பதில்லை. அவள் கேட்டதும் "மன்னிச்சுக்குங்கம்மா" என்று எழுந்து போவார். மாடிப்படித் திருப்பத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு காலிங்பெல்லை அடித்து வேறு ஆளாக உள்ளே வருவார். ஒரு நாள் பிளம்பர், ஒரு நாள் மீட்டர் பார்க்கிறவர், இன்னொரு நாள் பெயின்ட் அடிக்க அளவெடுக்க வந்தவர். தன் வீட்டுக்குள் நுழைய ஒரு மனுஷன் எத்தனை வேஷம்தான் கட்டுவான்! பிளம்பராக வந்தால் மட்டும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். அதனால் குழாய் அந்த வீட்டில் அடிக்கடி கெட்டுப்போனது.

மூளைத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னார். கடைசியாக வந்து சேர்ந்தவை முதலில் அழியும், பழசு கடைசி வரைக்கும் நிற்கும் என்றார். ஆனால் தூரதேசத்தில் இருக்கும் மகள் போனில் "அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், "சாப்பிட்டியாடி?" என்று டக்கென்று கேட்டுவிடுவாள். பெற்ற மகள் மேலேயே பொறாமைப்படும் அளவுக்கு அவருடைய நிலைமை வந்துவிட்டது. வெட்கக்கேடுதான், ஆனால் பொறாமைப்பட்டார்.

இந்த லட்சணத்தில்தான் ஒருநாள் கடைக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி வேண்டும், இருப்பதிலேயே பெரிதாகக் காட்டுவது வேண்டும் என்றார்.

"சொத்தைப் பல் பார்க்கவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பல்லையெல்லாம் விட்டுட்டேன் சார். இப்ப ஆளுங்களுக்கு மூக்கு வரைஞ்சுகிட்டிருக்கேன்" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு மேல் ஒரு போர்ட்டர் படுத்திருந்தான். சுண்டுவிரலின் மேல்கணு அளவுகூட இல்லை. தலையில் பெட்டி, முகத்தில் சலிப்பு.

கடைக்காரர் அந்தப் போர்ட்டரை வெகுநேரம் பார்த்தார். பிறகு, தன்னை அறியாமல், "என் மனைவி ரயில்வே ஸ்டேஷன்ல டிக்கெட் கொடுத்துகிட்டிருந்தா" என்றார். மேலே சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். பல் டாக்டர் பார்க்காத வாயா, திறக்க முடியாமல் தவிக்கும் வாயைப் பார்த்தால் அவருக்குத் தெரியாதா. "ஞாயித்துக்கிழமை எங்க பொம்மை ரயில் சங்கத்துக்கு அவங்களைக் கூட்டிகிட்டு வாங்க" என்று விலாசம் சொல்லிவிட்டுப் போனார்.

சலவைக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தச் சங்கம். படியெல்லாம் சோப்பு வாசனை. உள்ளே இடுப்பு உயரத்தில், சுவர் நாலையும் ஒட்டி ஒரே மேஜை ஓடியது. மேஜை முழுக்க மலையும் பாலமும் ஊர்களும், அவற்றின் நடுவே உள்ளங்கைக்குள் அடங்கும் ரயில்களும். நடுவில் நிற்க வேண்டுமென்றால் மேஜைக்கு அடியில் குனிந்துதான் போகவேண்டும். முட்டிவலிக்காரர்கள் திட்டிக்கொண்டே போவார்கள், வாராவாரம் போவார்கள். சங்கத்தில் மின்கம்பி வேலையெல்லாம் பார்த்தது ஒரு பெண், நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வயதில் மூத்த பல் டாக்டருக்கும் அவர் பஸ்ஸக்காதான்.

மேஜை முனையில் ஒரு ரயில் வளைந்து வந்து நின்றது. நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த கடைக்காரரின் மனைவி நிமிர்ந்தாள். எதிரே நின்ற பஸ்ஸக்காவைப் பார்த்து, சின்னதாக ஒரு அதிகாரத்தோடு, "எங்க போகணும்? சிங்கிளா, ரிட்டனா?" என்றாள்.

அவளிடம் இத்தனை தெளிவான குரலைக் கடைக்காரர் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. பஸ்ஸக்கா இம்மியும் சிரிக்காமல், "ரிட்டனே குடுங்க அக்கா, திரும்பி வரணும்ல" என்று கையை நீட்டினார். அன்றைக்கே அந்த இரண்டு பெண்களும் சிநேகமாகிவிட்டார்கள்.

அவளுடைய ஸ்டேஷனைக் கட்டித் தருகிறோம் என்று சங்கமே முன்வந்தது. ஒரு மூலையை ஒதுக்கினார்கள். பல் டாக்டர் பல்லுக்கு அச்செடுக்கும் மாவிலேயே சுவர் வார்த்தார். கடைக்காரர் பழைய லென்ஸைச் செதுக்கிக் கவுன்டருக்குக் கண்ணாடி போட்டார். தண்டவாளத்துக்கு அடியில் கடுகளவு ஜல்லியைக் கொட்டிப் பசை விட்டார்கள். மரத்துக்கு இலை வேண்டுமென்று பச்சைப் பஞ்சைப் பிய்த்துக் கொடுத்தது அவருடைய மனைவி. பிய்க்கும்போது அவளுக்குப் பயமே வராது. யாரையும் யார் என்று கேட்கமாட்டாள். அந்த நேரத்தில் கடைக்காரர் ஜன்னல் பக்கம் போய், யாராவது ஒருவரிடம் மனசைக் கொட்டுவார். கேட்கிறவர்கள் புத்தி சொல்லமாட்டார்கள். கையிலிருக்கும் வண்டிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதால்தான் மற்ற கிழமைகளைத் தள்ள முடிந்தது அவருக்கு.

"எனக்கு வேறெதுவும் வேண்டாம்" என்றார் ஒருமுறை பஸ்ஸக்காவிடம். "சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, இது என் புருஷன்னு அவ என்னைப் பார்க்கணும். அப்புறம் மறந்தாலும் பரவாயில்ல."

எல்லாம் முடிந்து, ஆட்களை ஒட்டும் நாள் வந்தது. அங்கேதான் தகராறு கிளம்பியது. அந்தச் சங்கத்தில் ஒரு கறாரான விதி உண்டு. மேஜை முழுக்க ஒரே வருஷம்தான். அந்த வருஷத்துக்குப் பின்னால் வந்த எதுவும் மேஜை மேல் ஏறக்கூடாது. யாரோ ஒருவர் கூரை மேல் டிஷ் ஆன்டெனா வைத்துவிட்டு ஆறு மாதம் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர்களுடைய வருஷமும் கடைக்காரர் தன் மனைவியை முதன்முதலாகப் பார்த்த வருஷமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கவுன்டருக்குள் இளம்பெண்ணாக அவளை வைத்ததில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் கவுன்டருக்கு எதிரே பிளாட்பாரத்தில் நிற்க, கடைக்காரர் தானே வண்ணம் தீட்டிக் கொண்டுவந்த ஆளுக்குத் தலை நரைத்திருந்தது. தொப்பையும் இருந்தது.

"அண்ணே, வருஷம் இடிக்குதே. அப்ப உங்களுக்கு முடி கருப்புதானே?" என்றார் பஸ்ஸக்கா.

"அந்தக் கருப்பு முடிக்காரனை அவ மறக்கவே இல்ல. மறந்தது என்னைத்தான்" என்றார் கடைக்காரர். "அந்த ஸ்டேஷன்ல இந்தத் தலையைப் பார்த்தா, ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு அவளுக்குப் புரிஞ்சிடும்."

அவர் ஒற்றைக்காலில் நின்றார். விதி விதி என்று குதிக்கும் அந்தக் கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பல் டாக்டர் இடுக்கியில் பசை தொட்டு நரைத்த ஆளைப் பிளாட்பாரத்தில் நிறுத்தினார்.

அவளைக் கூட்டிவந்து மூலைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அவள் முதலில் விளக்குக் கம்பத்தைத் தொட்டாள். அப்புறம் கூரையை, பெஞ்சை. "இது நம்ம ஸ்டேஷன்" என்றாள். கவுன்டர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "அய்ய, நானு" என்று வெட்கப்பட்டாள். அவளுடைய விரல் பிளாட்பாரத்தில் நகர்ந்து நகர்ந்து, நரைத்த தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"பாவம், யாரோ பெரியவர்" என்றாள். "வழி தெரியாம வந்துட்டார் போல. யாராவது அவரைக் கொண்டுபோய் வீட்ல விடுங்களேன்."

கீழே சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மேஜைக்கு அடியில் குனிந்து வெளியே போகப் பார்த்தார். முட்டிவலிக்காரர் போல அங்கேயே, மேஜைக்கு அடியிலேயே, கொஞ்ச நேரம் இருந்துவிட்டார். பஸ்ஸக்காவும் குனிந்து உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தலைக்கு மேலே யாரோ ஒரு ரயிலை, சும்மா, சத்தத்துக்காக ஓடவிட்டார்கள்.

கிளம்பும்போது கடைக்காரர் நரைத்த ஆளைப் பெயர்த்தெடுத்துப் பல் டாக்டரிடம் கொடுத்தார். "கருப்பாக்கிடுங்க. தொப்பையையும் செதுக்கிடுங்க. சட்டை நீலம்."

பல் டாக்டர் தயங்கினார். "அப்படிச் செஞ்சா அவங்க பார்க்கப்போறது அந்தக் கருப்பு முடிக்காரரைத்தான் சார். உங்களை இல்ல."

"தெரியும். அவராவது அவளுக்குக் கெடைக்கட்டும்" என்றார் கடைக்காரர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நீலச் சட்டை போட்ட கருப்புத் தலைக்காரன் கவுன்டருக்கு எதிரே நின்றான். அவள் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்கொயரி வந்துட்டார்!"

கல்யாணமாகி இத்தனை வருஷமும் அவள் அவரைக் கூப்பிட்ட பெயர் அது. கோபத்திலும் அதே பெயர்தான், கொஞ்சலிலும் அதே பெயர்தான். நோய் வந்த பிறகு அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார்.

"யாருக்கா அது?" என்றார் பஸ்ஸக்கா.

"தினம் வருவார். இந்த வண்டி எப்ப வரும், அந்த வண்டி எப்ப போகும்னு கேப்பார். எல்லா நேரமும் அவருக்கு மனப்பாடம், தெரியுமா? தெரியாத மாதிரி வந்து கேப்பார். நானும் புரியாத மாதிரி பதில் சொல்லுவேன்."

கடைக்காரருக்கு இது புதுச் செய்தி. அந்தத் தந்திரம் அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்கக் கூட இருந்தவள் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்கு ஊரார் முன்னால் சொல்கிறாள். அதுவும் அவரிடம் சொல்லவில்லை.

அவள் திரும்பி, பின்னால் நிற்கும் அவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "என்னைக் கட்டிக்கறியான்னு அவர் இன்னும் கேக்கல சார். கேட்டா சரின்னுதான் சொல்லப்போறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்மா" என்றார் அவர்.

"கேப்பார்தானே?"

"கண்டிப்பா கேப்பார்."

அவளுக்கு நிம்மதியாயிற்று. மறுபடி பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் மூக்கை உறிஞ்சியபடி ரயிலை ஓட்டும் கருவியைத் திருக, வண்டி ஒன்று மெதுவாக வந்து நின்று, மெதுவாகக் கிளம்பியது. கண்ணீரைத் துடைக்கவும் தோன்றாமல் கடைக்காரர் நின்றுகொண்டே இருந்தார். அவள் மறுபடியும் திரும்பினாள். இந்த முறை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை.

"நீங்க யாருக்காகக் காத்துகிட்டிருக்கீங்க?"

"என் மனைவிக்காக."

"வரலையா?"

"இன்னும் வரலம்மா."

"எந்த வண்டில வர்றாங்க?"

"தெரியல."

அவள் உச்சுக் கொட்டினாள். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலியான இருக்கையைக் கையால் தட்டிவிட்டாள்.

"அவங்க வர்ற வரைக்கும் இப்படி உக்காருங்க. எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல."

அவர் உட்கார்ந்தார்.