பதினைந்து பேருக்குக் கோட் இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதுவும் என் கோபம் இல்லை, வெர்னா ஸ்டக்கியுடையது. நான் இரவல் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒஹையோ காடுகளின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, நீலச் சீருடை அணிந்த வீரர்கள் அணி அணியாக—"

நிறுத்திவிட்டேன். 'நீலச் சீருடை' என்று எழுதியது தெரிந்தால் வெர்னா என் மேல் பேருந்தை ஏற்றிவிடுவாள். (பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அது மஞ்சள். அந்த நிறத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது.)

2

சனிக்கிழமைதோறும் தேவாலயத்தின் நிலவறையில் கூடுகிறது எங்கள் போர்விளையாட்டுச் சங்கம். கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டிப் பழைய போர்களை மறுபடி நடத்துவோம். எல்லாரும் வளர்ந்தவர்கள்தாம். சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம், இடம் விட்டிருக்கிறேன்.

வெர்னாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அமெரிக்கக் குடியரசு கைக்குழந்தையாக இருந்த காலத்துப் படைதான் அவள் பைத்தியம். நாளைக் காலை கொலம்பஸ் நகரக் கண்காட்சியில் அவளுடைய ஆட்டம். சின்னக் கோட்டை ஒன்று, இருபத்துநான்கு சிப்பாய்கள், ஒரு ஜனவரி விடியல்.

3

அந்த இருபத்துநான்கு பேர் என்ன உடுத்தியிருந்தார்கள்? இதற்காக அவள் மூன்று குளிர்காலத்தை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் தொலைத்தாள். படைச்சட்டத்தை அவள் நம்பவில்லை. ஓடிப்போன சிப்பாய்களைத் தேடும் பழைய பத்திரிகை விளம்பரங்களைத்தான் தோண்டினாள்.

"சட்டம் எழுதறவன், என்ன போடணும்னு எழுதுவான். ஓடிப்போனவனைத் தேடறவன்தான், என்ன போட்டிருந்தான்னு எழுதுவான்" என்பாள்.

அப்படித்தான் ஜேக்கப் ருடிசில் அகப்பட்டான். போர்வையைக் கிழித்துத் தைத்த கால்சட்டை, ஒரு சட்டை, கோட் இல்லை, ஒரு காலில் மட்டும் செருப்பு. பிப்ரவரியில் ஓடியிருக்கிறான். அவனைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசுப்பணம் வேறு! கோட் வாங்கத்தான் பணம் இல்லை போலும்.

பிறகு அவனுடைய கேப்டன் எழுதிய கடிதம் கிடைத்தது. இருபத்துநான்கு பேருக்கு ஒன்பது கோட். மீதியை அனுப்பியாயிற்று என்று ஒப்பந்தக்காரர் செப்டம்பரிலேயே சத்தியம் செய்திருக்கிறார். ஜனவரி விடியலில் எதிரிகள் கோட்டையைத் தாக்கினார்கள். 'ஒருவரும் இடம்விட்டு அசையவில்லை' என்று முடிகிறது கடிதம். ருடிசில் உட்பட; அவன் ஓடியது அடுத்த மாதம்தான்.

வெர்னா ஒன்பது பேருக்கு நீலம் தீட்டினாள். பதினைந்து பேருக்கு அழுக்குச் சட்டையும் போர்வையும்.

4

போன சனிக்கிழமை, எங்கள் விதிப்புத்தகத்தின் காவலர் டெல்பர்ட் கூன்ஸ் அவற்றைப் பார்வையிட்டார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.

"ஏம்மா வெர்னா, இது படையா, சலவைக்குப் போட்ட மூட்டையா?"

"படைதான். கிட்ட வந்து பாருங்க."

"மூணடி தள்ளி நின்னுதான் பார்க்கணும், அதுதானே நம்ம வழக்கம்? பார்த்தேன். சட்டைதான் தெரியுது. சட்டைன்னா ஊர்ப்படை, பயிற்சி இல்லாத ஊர்க்காரங்க. ஊர்ப்படைன்னா முதல் வெடிக்கே பகடை போடணும், தோத்தா ஓடணும்."

"இவங்க ஓடலை! கடிதம் இருக்கு!"

"கடிதத்துக்கெல்லாம் பகடை கிடையாதும்மா. விதிப்புத்தகத்துல இந்தப் படத்தைப் பாரு, நீலம் எப்படி இருக்கு!"

"அதை வரைஞ்ச ஆளு நூறு வருஷம் கழிச்சுப் பொறந்தவரு!"

"அதனால என்ன? நல்லா வரைஞ்சிருக்காரே."

"மூணடியாம் மூணடி! அந்த ஒப்பந்தக்காரன் நானூறு மைல் தள்ளி உக்காந்து பார்த்தான். அவனுக்கும் எல்லாரும் கோட்டோடதான் தெரிஞ்சாங்க!"

பக்கத்திலிருந்த நான் என்ன செய்தேன்? டோனட் தின்றேன். (இந்த வரியை வெட்டிவிடப் பார்த்தேன். வெர்னா படிப்பாளே என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

டெல்பர்ட் குரலைத் தாழ்த்தினார். "பதினஞ்சு பேருக்கும் நீலம் அடிச்சுடு, வெர்னா. முறையான அரசுப் படைன்னு கணக்கு வச்சுக்கிறேன். ஒருத்தனும் ஓடமாட்டான். உனக்கும் அதுதானே வேணும்?"

5

டெல்பர்ட்டை வில்லனாக்க ஆசைப்பட்டேன். மெல்லிய மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெர்னாவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வாரம் சாப்பாடு கொண்டுபோனவர் இவர்தான். நல்லவர்கள் செய்யும் அநியாயத்தின் மேல் கோபப்படுவது எவ்வளவு சிரமம் பாருங்கள்! கோபம் பாதி வழியில் திரும்பி நம் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

6

முடிவு ஒன்று: டெல்பர்ட் கடிதத்தைப் படிக்கிறார், கண் கலங்குகிறார், விதியைத் திரு— இல்லை. முப்பது ஆண்டுகளில் அவர் ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தியதில்லை.

முடிவு இரண்டு: வெர்னா நீலம் அடிக்கிறாள். கோட்டை விழாமல் நிற்கிறது. 'அருமையான நீலம்' என்கிறார்கள். ஒப்பந்தக்காரர் கடைசியில் கோட்டுகளை அனுப்பிவிட்டார், இருநூறு ஆண்டு தாமதமாக, அதுவும் வெர்னா கையால்.

முடிவு மூன்று: சட்டையோடு நிறுத்துகிறாள். முதல் வெடி, பகடை உருள்கிறது. பதினைந்து பேரும் மேசையைவிட்டு ஓடுகிறார்கள். 'ஊர்ப்படை இல்லையா, அப்படித்தான்' என்று பார்வையாளர்கள் தலையாட்டுகிறார்கள்.

உள்ளபடி உடுத்தினால் கோழைகள். பொய்யாக உடுத்தினால் வீரர்கள். இதற்கு எப்படி ஐயா முடிவு எழுதுவது?

7

இன்று மாலை வெர்னாவின் சமையலறைக்குப் போயிருந்தேன். பதினைந்து பேரும் மேசையில் நின்றார்கள். நீலக் குப்பி திறந்திருந்தது.

"நீதான் கதை எழுதறவனாச்சே, நீயே சொல்லு. அடிக்கவா, வேண்டாமா?"

நான் என் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் போய்ச் சொல்லுங்கள். எது சரி என்று படுகிறதோ அதையே சொல்லுங்கள். ஆனால் அவளிடம் வேண்டாம். அந்தப் பதினைந்து பேரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.