கெங்கம்மா கேட்ட கொசுறு

காசிமேட்டில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு வருவது ஒரு பிள்ளை அல்ல, ஒரு சந்து. அடிபட்டதைத் தூக்கிக்கொண்டு அம்மாக்காரி, அவளுக்குத் துணையாக நாலு வீட்டுப் பெண்கள், அவர்கள் இடுப்பில் அவரவர் பிள்ளைகள், வேடிக்கை பார்க்க வழியில் சேர்ந்துகொண்டவர்கள். வாசலில் காவலர் அப்துல் வஹாப், "பேஷண்டோட ஒருத்தர்தான்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். நான் அங்கே அவசரப் பிரிவு நர்ஸ், சிலுவையம்மாள். பொறுமைசாலி என்று யாராவது என்னைப்பற்றிச் சொன்னால் நம்பாதீர்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில்தான் அந்தச் சந்துக்குத் தடுப்பூசி போடப் போய் மூக்கறுபட்டுத் திரும்பியிருந்தேன். ஐஸ் பெட்டியோடு என் தலை தெரிந்ததுமே பிள்ளைகளெல்லாம் மாயம். கவிழ்த்து வைத்த மீன்கூடை ஒன்று தும்மியது. அதன்மேலேயே குந்திக்கொண்டு, "புள்ளைங்களா? இங்க ஏது புள்ளைங்க?" என்றாள் கெங்கம்மா. அவளிடம்தான் ஐந்து வருஷமாக மீன் வாங்குகிறேன். கொசுறாக ஒரு நெத்திலி கேட்டால், பரம்பரைச் சொத்தைக் கேட்டதுபோல் முறைப்பாள்.

உண்மையில் எனக்கு அந்தச் சந்தில் ஒரு குழந்தைமேல்தான் கண். பச்சையம்மாவின் கைக்குழந்தை. அதன் அண்ணன் போன மாதம் தொண்டை அடைப்பானில், என் மேசையின்மேல், மூச்சுக்குத் தவித்துச் செத்தான். கடைசியில் அழக்கூடச் சத்தம் வரவில்லை அவனுக்கு. காலாகாலத்தில் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபமாக இருந்தேன். மிச்சமிருப்பதையாவது விடக்கூடாது என்று போனால், பச்சையம்மா ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிட்டாள்.

மத்தியானம் கெங்கம்மாவின் மகன் மண்ணாங்கட்டி, உள்ளங்கையில் தூண்டில் முள்ளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போனதால் வைத்த பெயர். பின்னாலேயே மொத்தச் சந்தும். காலையில் கூடைக்குள் தும்மியவனும் மூக்கு ஒழுக நின்றான். பச்சையம்மா மட்டும் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டு முடித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். காலையில் வீடு வீடாகத் தேடியும் கிடைக்காத பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். மருந்தும் அப்படியே பெட்டியில் இருக்கிறது. சேசுவே, இதைவிட என்ன வேண்டும்?

"வஹாப் பாய், கேட்டைச் சாத்துங்க."

"எல்லாரையும் வெளிய தள்ளிட்டா, சிஸ்டர்?"

"உள்ள வெச்சு."

துரத்தியே பழகிய மனிதர். ஒருநிமிஷம் முழித்தார். பிறகு ஆசை தீரப் பூட்டினார்.

"இன்னாமே இது, ஆஸ்பத்திரியா, ஜெயிலா?" என்று கெங்கம்மா எகிறினாள்.

"எல்லாப் புள்ளைக்கும் ஊசி. மாசம் ஒண்ணா மூணு தடவை."

"மூணா! ஒண்ணு போட்டாலே ரெண்டு நாளு காய்ச்சல் அடிக்கும். புள்ளைய மடில போட்டுகினு குந்திகினா, மீனை யாரு விப்பா? உங்க டாக்டரா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது மறுப்பு இல்லை, பேரம். பூட்டைத் திறக்கச் சொல்லிவிட்டேன். ஒருத்தியும் நகரவில்லை. பேரம் நடக்கும் இடத்தை விட்டுப் போனால் அவள் காசிமேட்டுக்காரியே இல்லை.

"சரி, உனக்காக. இன்னிக்கு ஒண்ணு போதும்."

"மிச்சம் ரெண்டு?"

"உங்க சந்துக்கே வந்து போடுறேன்."

"வெள்ளிக்கெயமதான் வரணும். வெள்ளி, சனி பாதிப் பேரு கவுச்சி துன்ன மாட்டான். யாவாரம் மந்தம்."

"வர்றேன்."

"காய்ச்சல் மாத்திரை நீதான் குடுக்கணும்."

"குடுக்குறேன்."

"புள்ள அய்வாத மாதிரி போடணும்."

"அது கட்டுப்படியாகாது, கெங்கம்மா."

சந்தே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, மண்ணாங்கட்டியின் டவுசரை இறக்கினாள். அப்புறம் ஊசியைக் கொதிக்க வைப்பதும் குத்துவதுமாக எனக்கு நிமிர நேரமில்லை. கூடைக்காரன் என் கையைக் கடித்தே விட்டான், கம்மனாட்டி.

எல்லாம் முடிந்து கையைக் கழுவும்போது கெங்கம்மா வந்து நின்றாள்.

"கொசுறு எங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு நெத்திலி குடுத்திருப்பியா எனக்கு? ஊசிக்கு ஏதுடி கொசுறு?"

விறுவிறுவென்று வெளியே போனாள். வேப்பமரத்தடியில் பச்சையம்மாவிடம் ஏதோ சொன்னாள். பச்சையம்மா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அவளிடம் கெங்கம்மா பேரம் பேசவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள், அவ்வளவுதான். வெகுநேரம் கழித்து இருவரும் வந்தார்கள். வாசற்படியில் பச்சையம்மா நின்றுவிட்டாள். அவள் கண் என் மேசைமேல் இருந்தது. அதற்குமேல் ஓர் அடி அவளால் வைக்க முடியாது என்று எனக்கே தெரிந்தது. நான் ஊசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"இதான் கொசுறு. போடு," என்றாள் கெங்கம்மா.

பச்சையம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, குழந்தையின் காலை அவளே பிடித்துக்கொண்டாள். குத்தினேன். குழந்தை ஒருகணம் வாயைப் பிளந்து நின்றது. பிறகு வீறிட்டது பாருங்கள், கல்மண்டபம் வரை கேட்டிருக்கும்.

பச்சையம்மா கண்ணைத் திறந்தாள். குழந்தையின் வாயையே பார்த்தாள். அன்று முழுக்க அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நல்லா கத்துது, இல்ல நர்ஸம்மா?"

"நல்லா கத்துது," என்றேன்.

"சத்தம் போடாதீங்க" என்று வழக்கம்போல வாயெடுத்த வஹாப் பாய், அப்படியே வாயை மூடிக்கொண்டார்.