ஏழாம் படுக்கைக்கு வந்த அழைப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, டயாலிசிஸ் பிரிவின் ஒலிபெருக்கி உடையப்பனைக் கூப்பிட்டது.

"உடையப்பன். ஏழாம் படுக்கை."

உடையப்பன் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கன்னிவாடியில் கத்தரியும் தென்னையும் வைத்திருந்த மனிதர். இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் முதல் பஸ்ஸில் திண்டுக்கல் வந்து, அந்தப் படுக்கையில் நாலு மணி நேரம் படுத்து, ரத்தம் சுத்தம் செய்துகொண்டு போனவர். காத்திருந்தவர்களில் அவரைத் தெரியாதவர் யாரும் இல்லை. நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒருவர், யாரோ வருவதற்கு வழிவிடுவதுபோலக் காலை மடக்கிக்கொண்டார்.

தலைமை நர்ஸ் சுகன்யா கணினியைப் பார்த்தாள். திரையில் ஜெய்தூன் பீவி என்றுதான் இருந்தது. அந்தப் படுக்கை இப்போது அவருக்கு.

"நான் அதுல ஏற மாட்டேன்மா," என்றார் ஜெய்தூன் பீவி. "அவரத்தான கூப்பிடுது. அவரு வந்து பாத்தா என்ன நெனப்பாரு?"

சுகன்யா அவருக்கு வேறு படுக்கை கொடுத்துவிட்டு, ஷாஹினாவுக்குப் போன் செய்தாள்.

ஷாஹினா பேகம்பூரில் வீட்டு மாடியில் இருந்தபடி மென்பொருள் எழுதிக் கொடுப்பவள். நோயாளிகளின் பதிவு, முறை, அழைப்பு எல்லாம் அவள் ஜாவா என்னும் கணினி மொழியில் எழுதியது. பேசும் பகுதி மட்டும் அவளுடையதல்ல. அது யாரோ சி மொழியில் எழுதி, எந்திர மொழிக்கு மாற்றிவிட்ட 'நூலகம்' என்னும் ஆயத்த நிரல்தொகுப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து படிக்க முடியாது. பெயரைக் கணினி நினைவகத்தில் எழுதி, அது இருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுத்தால் பெண் குரலில் பேசும். போன மாதம்தான் அதன் புதிய பதிப்பை மாற்றியிருந்தாள்.

வியாழக்கிழமை அவளே வந்து உட்கார்ந்தாள். எட்டுப் பெயர்கள் சரியாக வந்தன. ஒன்பதாவது ஜெய்தூன் பீவி.

"ஜெய்தூன்," என்று தொடங்கிய குரல் மூச்சு விடாமல் திசை மாறியது. "உடையப்பன் கன்னிவாடி ஆண் அறுபத்தொன்று உடையப்பன் உடையப்."

ஜெய்தூன் பீவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். ஷாஹினாவின் முழங்கை வரை புல்லரித்தது. ஆனால் அந்த வரிசையைக் கேட்டதும் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பெயர், ஊர், பால், வயது. பதிவேட்டில் இருக்கும் அதே வரிசை.

"பேய் இல்லக்கா," என்றாள் சுகன்யாவிடம். "ஜாவா, யாருக்கும் தேவைப்படாத தரவைக் குப்பை மாதிரி அதுவே கூட்டி எடுத்துரும். பழைய நூலகம், பேரைக் கொடுத்தா பேசி முடிச்சிட்டுத்தான் 'முடிஞ்சது'ன்னு சொல்லும். புதுசு அப்படி இல்ல. முகவரிய வாங்கிக்கிட்டு உடனே 'முடிஞ்சது'ன்னு சொல்லிருது, பேசுறது பின்னாடி. வேலை முடிஞ்சிருச்சுன்னு ஜாவா அந்த இடத்தக் கூட்டிருது. அங்க வேற தரவு வந்து உக்காருது. இது தெரியாம, கையில இருக்குற பழைய முகவரியில போய் நூலகம் வாசிக்குது."

"அவரோடது ஏன் வரணும்?"

"மாசக் கடைசி அறிக்கைக்குப் பழைய பதிவெல்லாம் எடுத்து ஓடிக்கிட்டு இருக்குல்ல."

சுகன்யா தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

பேசி முடியும்வரை பெயரை விடாமல் பிடித்து வைத்திருக்கச் சொல்லி ஷாஹினா நிரலில் நாலு வரி எழுதினாள். சனிக்கிழமை மதியம், எல்லா எந்திரமும் ஓய்ந்த பிறகு ஏற்றுவதாக முடிவானது.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்கே உடையப்பனின் மனைவி முத்துப்பேச்சி கணவரின் ஃபைலை வாங்க வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. மேசை அருகே நின்று, ஃபைலில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சுகன்யா அடுத்த நோயாளியின் அழைப்பை அழுத்தினாள்.

"பேச்சி," என்றது ஒலிபெருக்கி. "சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல, போயித்தான்," என்றாள் முத்துப்பேச்சி, தலை நிமிராமல்.

பிறகுதான் அவள் விரல்கள் தாளின்மேல் நின்றன.

சுகன்யா அழைப்புப் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். "கடைசி நாளு அவரு இதத்தான் கேட்டாரு," என்று முணுமுணுத்தாள். "நான் குறிப்புல போட்டேன்."

நிரலை ஏற்றக் காலையிலேயே வந்திருந்த ஷாஹினா அவசரமாக அந்தக் குறிப்பைத் திறந்தாள். 'மனைவி உணவருந்தினாரா என நோயாளி விசாரித்தார்' என்று இருந்தது. உறவினர் பெயர் முத்துப்பேச்சி. பேச்சி என்று தனியாக எங்கும் இல்லை. நிரலின் நினைவகம் முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாக நகலெடுத்து, 'சாப்ட்டியா' என்று தேடினாள். இல்லை. எழுத்துக் குறிமுறையை மாற்றித் தேடினாள். அப்போதும் இல்லை.

"திரும்பச் சொல்லுமா தாயி?" என்றாள் முத்துப்பேச்சி. அவள் அழவில்லை.

"எப்ப சொல்லும்னு எனக்கே தெரியாதும்மா. எந்திரத்துல ஒரு கோளாறு. இன்னிக்கு மத்தியானம் சரிபண்ணப் போறேன். மத்தவங்க பயப்படுறாங்க."

"சரிபண்ணிட்டா சொல்லாதுல்ல?"

சொல்லாது என்று ஷாஹினா தலையை அசைத்தாள்.

"அப்ப அதுவரைக்கும் செத்த நேரம் உக்காந்திருக்கேன்."

அவள் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். பதினொரு பெயர்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் அவள் முகம் மேலே உயர்ந்து, கீழே இறங்கியது. எல்லாப் பெயர்களும் சரியாகவே வந்தன. ஒரு மணிக்குக் கடைசி நோயாளியும் போய், எந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அவளைக் கேட்காமல் செய்ய ஷாஹினாவுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னா ரெண்டு நாள் தள்ளிப் போடுறேம்மா."

முத்துப்பேச்சி தாள்களை ஃபைலுக்குள் ஒழுங்காக அடுக்கினாள்.

"வேணாம். அவுக இருந்தப்பவே ஒரு தடவைக்கு மேல கேக்க மாட்டாக. நீ உன் வேலையப் பாரு."

ஃபைலை இடுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். அவள் தெருமுனை தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, ஷாஹினா நிரலை நிறுத்தி, அந்த நாலு வரியோடு மீண்டும் ஓடவிட்டாள்.

நாலு மாதமாக ஒரு பெயரும் மாறி வரவில்லை. நூலகத்தை எழுதியவர்களுக்கு ஷாஹினா கடிதம் போட்டாள். முகவரி விஷயத்தை ஒப்புக்கொண்டு, நன்றி சொல்லிப் பதில் வந்தது. நகலில் இல்லாத சொல்லை நூலகம் எப்படிப் பேசியது என்று அவள் கேட்டிருந்ததற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

அந்த நினைவக நகல் பதினாறு ஜிகாபைட். கணினியில் இடம் போதவில்லை. போன வாரம் அதை அழிக்கப் போனவள், புதிதாக ஒரு சேமிப்பு வட்டு வாங்கி அதில் மாற்றிவைத்தாள்.