மூணேமுக்கால் ஊர்க்காரி

மூணேமுக்கால் என்று ஓர் ஊர் இருந்தது. அந்தப் பெயரில் வேறெங்கும் ஊர் கிடையாது. ஆற்றுப் பாலத்திலிருந்து மூன்றேமுக்கால் மைல் என்று பொறித்த கல் ஒன்று ஒரு காலத்தில் சாலையோரம் நின்றதாம். சாலையை அகலப்படுத்தியபோது கல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

வெளியூரில் அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு முன்பே சிரிப்புக்குத் தயாராக வேண்டும். "மிச்சக் காலை எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்பது எல்லோருக்கும் தானாகவே தோன்றும் கேலி. ஒவ்வொருவரும் அதைத் தாமே முதன்முதலில் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். ஆகவே ஊரை மாற்ற முடியாவிட்டாலும் பெயரையாவது மாற்றலாம் என்று ஊர்மன்றம் முடிவெடுத்தபோது பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. கையெழுத்து வாங்கும் வேலையைச் சலூன்காரர் எடுத்துக்கொண்டார். முடிவெட்ட உட்கார்ந்தவனால் எழுந்து ஓட முடியாது அல்லவா? அவருடைய நாற்காலியிலேயே முந்நூறு கையெழுத்து தேறியது. ஊர் புதுநகர் ஆயிற்று.

சலூன்காரரின் மனைவிக்கு ஒரு தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அவளும் கையெழுத்துப் போட்டவள்தான். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் "முக்கால்" என்றே கூப்பிட்டிருந்தார்கள். போடாமல் என்ன செய்வாள்?

சின்னவள் வேலை பார்த்தது நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரத்தில், ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில். ஆறு மேசை, ஆறு திரை, காதில் ஹெட்போன். அழைப்பு வந்ததும் முதலில் இடத்தைக் கேட்க வேண்டும், பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இடம் தெரிந்துவிட்டால் பேச்சு அறுந்தாலும் வண்டி போய்விடும். அவள் அதில் ஒன்பது வருடம் ஊறியவள்.

பெயர் மாறிப் பதினான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, ஒருவருக்குக் காதோரம் சீர் செய்துகொண்டிருந்த சலூன்காரரின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பாதி வெட்டிய தலையோடு அந்த வாடிக்கையாளர் எண்ணை அழுத்தி, "புதுநகர், கடைத்தெரு, சலூன்ல இருந்து பேசறேன். கடைக்காரர் விழுந்துட்டார், வாய் கோணிருக்கு" என்றார். ஒரு வார்த்தை அதிகமுமில்லை, குறைவுமில்லை. பயந்துபோன மனிதர் சொல்லக்கூடியதில் அதைவிடத் தெளிவாக எதுவும் இருக்க முடியாது.

அந்த மாவட்டத்தில் ஆறு புதுநகர் இருந்தன. கைபேசி இருக்கும் இடத்தைத் திரை காட்டுமே என்று தோன்றலாம். அன்று அது காட்டியது பதினைந்து கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்தை. வட்டத்துக்குள் இரண்டு புதுநகர். இரண்டிலும் கடைத்தெரு உண்டு, இரண்டிலும் சலூன் உண்டு. எந்தப் புதுநகர் என்று கேட்பதற்குள் பேச்சு அறுந்துவிட்டது. வண்டி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புதுநகருக்குப் போனது. அங்கே சவரக்கத்தியும் கையுமாக நின்ற வேறொரு சலூன்காரர், தூக்குப்படுக்கையோடு உள்ளே நுழைந்தவர்களைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாராம்.

அவர்கள் திரும்பிப் பாலம் வழியாகச் சுற்றி வந்து சேர ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. சலூன்காரர் பிழைத்தார். ஆனால் வலது கை தொங்கிவிட்டது, பேச்சும் போய்விட்டது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று மருத்துவர் சொன்னார். குற்றம்சாட்டும் தொனியில்கூட இல்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

சின்னவளை வாட்டியது வேறு ஒன்று. அந்த அழைப்பு வந்தது அவளுக்குப் பக்கத்து மேசைக்கு. "புதுநகர், கடைத்தெரு, சலூன்" என்று பக்கத்து மேசைக்காரர் திருப்பிச் சொன்னது அவள் காதில் விழுந்தது. விழுந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் ஊரைப் பற்றிய பேச்சு என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மனசுக்குள் அவள் ஊர் இன்னும் மூணேமுக்கால்தான். அந்த ஒரு சொல் காதில் பட்டிருந்தால் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்திருப்பாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அக்காவிடம் சொன்னாள்: "பழைய பேரைத் திரும்பக் கொண்டுவரப் போறேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் பைத்தியமா? மனுஷன் இப்படிக் கிடக்கறார். பேர்தான் இப்போ குறைச்சலா?"

"பேராலதான் கிடக்கறார்."

"இதை அவர் காதுல போட்டுடாதே. ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினது யாருன்னு அவருக்குத் தெரியாதா? ஏற்கெனவே செத்துக்கிட்டிருக்கார்."

மறுநாள் வேலைக்குப் போனதும் சின்னவள் நேராகக் கண்காணிப்பாளரிடம் போனாள். புதுநகர் என்று வந்த அழைப்புகளில் எத்தனைக்கு வண்டி தவறான ஊருக்குப் போனது என்று கேட்டாள்.

"பதிவேடு இந்த அறையைத் தாண்டி வெளியே போகாதும்மா. உனக்கே தெரியும்."

"பேர், எண், எதுவும் வேண்டாம் சார். கணக்கு மட்டும் போதும். எத்தனை வந்துது, எத்தனை தப்பாப் போச்சு."

"எதுக்கு?"

"எங்க ஊர் மன்றத்துல சொல்லணும்."

"சொன்னா இந்த ஆபீஸ் மானம் போகும்."

"சொல்லலைன்னா அடுத்த தடவை வேற ஏதோ போகும் சார்."

கண்காணிப்பாளர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் மேசையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. முப்பத்தொன்று. அதற்குக் கீழே, ஒன்பது. வேறொன்றும் எழுதவில்லை.

மன்றத் தலைவர் மரச்சாமான் கடை வைத்திருந்தவர். கடைக்குப் "புதுநகர் பர்னிச்சர்" என்று புதுப் பலகை மாட்டியிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. சின்னவளை உட்காரவைத்து, நாற்காலி ஆடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"உங்க அத்தானுக்கு நடந்தது எனக்கும் நெஞ்சு கொதிக்குது. ஆனா பழைய பேர் வேண்டாம்மா. வேணும்னா வடக்கு புதுநகர்னு வெச்சுக்கலாம். பிரச்சினை தீர்ந்துது."

"தீராது. பயத்துல இருக்கறவன் வடக்கை விழுங்கிடுவான். நான் தினமும் கேக்கறேன். சொந்தப் பிள்ளை பேரையே மறந்துட்டுத் திணறறாங்க. வடக்கா ஞாபகம் வரப்போகுது?"

"ஊரே சிரிக்குமே."

"சிரிக்கட்டும். ஒரு தரம் கேட்டா மறக்க மாட்டாங்க இல்ல?"

அவர் தலையாட்டினார், சம்மதமாக அல்ல. "வயசு வந்தவங்கள்ல பாதிக்கு மேல கையெழுத்துக் கொண்டா. அப்போதான் மன்றம் மறுபடி எடுக்கும். அது சட்டம், நான் வெச்சது இல்ல."

ஆயிரத்துத் தொண்ணூற்றொரு கையெழுத்து. அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. முதல் வாரம் நாற்பது கிடைத்தது. தாள் கிழியாமல் இருக்க ஒரு பழைய காலண்டர் அட்டையில் கிளிப் போட்டு எடுத்துப்போனாள். சிலர் உள்ளே கூப்பிட்டார்கள், சிலர் கதவிடுக்கு வழியாகவே பேசினார்கள். "மாத்தினதும் உங்க வீடு, மறுபடி மாத்தறதும் உங்க வீடா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. "ஆமாம், தப்புப் பண்ணினோம்" என்றாள். அவர் பேனாவைக் கேட்டார்.

தையல்காரி ஒருத்தி மட்டும் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினாள். "நான் வெளியூர்ல வேலை பார்த்த கடையில ரெண்டு வருஷம் என்னை முக்கால்னுதான் கூப்பிட்டாங்க. சம்பளத்தன்னிக்கு, இவளுக்கு முக்கால்தான் குடுக்கணும்னு சிரிப்பாங்க. நான் போட மாட்டேன்."

"என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு அதைத் திரும்பக் கூட்டிட்டு வரே?"

"கூப்பிட்டவங்க யாரும் நாம விழுந்தா தூக்க வரப்போறதில்ல. வண்டிதான் வரணும். அதுக்கு ஊர் தெரியணும்."

இயந்திரம் ஒரு தையல் நீளத்துக்கு நின்றது. பிறகு ஓடியது. தையல்காரி கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அடுத்த வீட்டு நாய் குரைக்காமலே கடிக்கும் என்று எச்சரித்து அனுப்பினாள்.

மூன்றாம் மாதம் எண்ணூறைத் தொட்டபோது அப்படியே நின்றுபோயிற்று. போடக்கூடியவர்கள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தான் சன்னலோர நாற்காலியில் இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தாள். அவர் இடது கையை நீட்டினார்.

"கொ... கொடு."

அக்கா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா தாள்களை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். யார் யார் போட்டிருக்கிறார்கள், யார் போடவில்லை என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஊரில் இருந்த அத்தனை தலையும் அவர் கையில் குனிந்தவை. கடைசித் தாளில் இடது கையால் பெயர் எழுதினார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. முடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. யாரும் உதவவில்லை, உதவியிருந்தால் பேனாவை வீசியிருப்பார்.

பிறகு "க... டை" என்றார்.

மறுநாள் காலை அக்கா சலூனைத் திறந்தாள். முடிவெட்ட அல்ல. அவரைச் சுழல்நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் அட்டையை வைத்தாள். அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். யாராவது கடந்துபோனால் இடது கையைத் தூக்குவார். பேசவே மாட்டார். உள்ளே வந்தவர்கள் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்கள், தங்களையும் பார்த்தார்கள், குனிந்து போட்டார்கள். அன்று பாதி வெட்டிய தலையோடு நின்ற வாடிக்கையாளர் தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

மன்றம் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடியது. ஒன்பது உறுப்பினர்கள். கூடத்தில் நிற்க இடமில்லை. சின்னவளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். முப்பத்தொன்று, ஒன்பது என்ற கணக்கை மட்டும் படித்தாள். பிறகு தலைவரிடம், "உங்க போனை எடுங்க" என்றாள். "பயிற்சி எண் ஒண்ணு தரேன். கண்காணிப்பாளர்கிட்ட அனுமதி வாங்கியிருக்கேன். ரெண்டே அழைப்பு. உங்க கடையில தச்சர் ஒருத்தர் கை அறுத்துக்கிட்டார்னு சொல்லுங்க. நான் நேரம் பார்க்கறேன்."

தலைவர் சிரித்துக்கொண்டே அழுத்தினார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள்.

"எந்த இடம் சார்?"

"புதுநகர்."

"எந்தப் புதுநகர் சார்?"

"இந்தப் புதுநகர்தான்யா."

"ஆறு இருக்கு சார். பக்கத்துல பெரிய ஊர் எது?"

தலைவர் சொன்னார். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இரண்டு இருந்தன. எந்தச் சாலை, ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்று கேள்வி வளர்ந்தது. தலைவரின் குரல் ஏறியது. ஒரு கட்டத்தில் அவர் இடது வலது இரண்டையும் குழப்பினார். யாருக்கும் அடிபடவில்லை, ரத்தம் இல்லை, மதிய வெயில் சன்னல் வழியே விழுந்துகொண்டிருந்தது. இருந்தும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. அவள் கடிகாரத்தைக் காட்டினாள். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

"மறுபடி போடுங்க. பழைய பேரைச் சொல்லுங்க."

"எந்த இடம் சார்?"

"மூணேமுக்கால்."

"வண்டி கிளம்பிடுச்சு சார். என்ன ஆச்சு சொல்லுங்க."

நாலு விநாடி. கூடத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். ரகசிய வாக்கெடுப்பில் ஐந்துக்கு நாலு என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த ஐந்தில் தலைவரும் ஒருவரா என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. கடைப் பலகையை மட்டும் உடனே மாற்றவில்லை. "பெயிண்ட் காயட்டும்" என்றார். அது அடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆணை வர ஏழு மாதம் பிடித்தது. அதற்குள் சின்னவள் அந்த அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்தாள். கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அங்கிருந்த எழுத்தரைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆணை வந்த அன்று அத்தானுக்குப் படித்துக் காட்டினாள். அவர் தலையை அசைத்தார். பேச்சு அதற்குமேல் திரும்பவில்லை. ஆனால் சலூன் தினமும் திறந்தது. அக்கா சவரம் செய்யப் பழகியிருந்தாள். தப்பாகப் பிடித்தால் அவர் நாற்காலியின் கையை இரண்டு தட்டுத் தட்டுவார். வெட்டுப்பட்ட கன்னங்களோடு ஊர் ஆண்கள் கொஞ்சநாள் அமைதியாக நடமாடினார்கள்.

அடுத்த வாரம் வேலை முடிந்து அவள் ஹெட்போனைக் கழற்றும்போது, கண்காணிப்பாளர் வெளி எண்ணில் யாரோ அவளைக் கேட்பதாகச் சொன்னார். எடுத்தாள். ஆற்றுக்கு அக்கரைப் புதுநகரிலிருந்து பேசியது, அந்த இன்னொரு சலூன்காரர்.

"அம்மா, எங்க ஊருக்கும் முன்ன ஒரு பேர் இருந்துதாம். நனையாப்பாறை. கேட்டா சிரிப்பாங்கன்னு எடுத்துட்டாங்க. வேற எங்கயாவது அந்தப் பேர் இருக்கா, பார்த்துச் சொல்ல முடியுமா?"

அவள் திரையில் தட்டிப் பார்த்தாள். எங்கும் இல்லை.

"இல்லைங்க. உங்க ஊர்ல வயசு வந்தவங்க எத்தனை பேர்?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு இருக்கும்."

"அப்போ ஆயிரத்து நானூத்தியொண்ணு வேணும்" என்று சொல்லிவிட்டு, கழற்றிய செருப்பைக் காலால் தேடிக்கொண்டே ஒரு தாளை இழுத்தாள். "சனிக்கிழமை வரேன். கெட்டியான அட்டை ஒண்ணு எடுத்து வைங்க."