காலிப் பக்கங்களுக்குக் கோடு போடவும்

"இந்த மூணு பேரும் எந்த சென்டர்ல பரீட்சை எழுதினாங்க?" என்று கேட்டார் விசாரணைக் குழுவின் தலைவர்.

பஸ் டிரைவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர், அவருக்கு வலப்பக்கம் ஓர் அம்மா, இடப்பக்கம் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர். நடுவில் டிரைவருடைய விடைத்தாள் கிடந்தது. ஆறாவது பக்கத்தில் அவர் எழுதியிருந்த மூன்று பெயர்களைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். அழுத்திப் போட்டதில் ஒரு வட்டம் தாளைக் கிழித்திருந்தது.

"அவங்க பரீட்சை எழுதலைங்க" என்றார்.

"அப்போ திருத்துற வாத்தியாருக்குத் தெரிஞ்சவங்களா? பேரைப் பார்த்ததும் மார்க் போடட்டும்னு எழுதினீங்களா?"

"இல்லைங்க. அவங்க செத்துப் போயிட்டாங்க. சண்டையில."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்கு எந்த விதி வரும், மேடம்?" என்று பக்கத்து அம்மாவிடம் கேட்டார். அவர் விதிப்புத்தகத்தை விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். விடைத்தாளில் பெயர், முகவரி, தொலைபேசி எண், கடவுள் குறி, வேறெந்த அடையாளமும் எழுதக்கூடாது. எழுதினால் தேர்வு ரத்து. "செத்தவங்க பேரை எழுதலாம்னு எங்கயும் போடலை சார். பேருன்னா பேருதான்." கொட்டாவிக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அரைமணி நேரத்தில் தீர்ப்பு ஆகிவிட்டது. அந்தத் தாள் ரத்து. முதல் தவறு என்பதால் இன்னொரு வாய்ப்பு. ஆனால் அடுத்த தேர்வோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. அதிலும் கோட்டை விட்டால் புதுப் பாடத்திட்டத்தில் எல்லாத் தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். கடைசியாக ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார்கள். 'விடைத்தாளில் தேவையற்ற பெயர்களை எழுதியது என் தவறு. இனி எழுத மாட்டேன்.' 'தேவையற்ற' என்ற இடத்தில் பேனா நின்றது. "என்ன, எழுத்து தெரியலையா?" என்றார் தலைவர். தெரிகிறது என்று சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி, என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டாள். "ஏதோ தப்பா எழுதிட்டேனாம்" என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை பற்களைக் கடித்துக்கொண்டே வந்ததில் தாடை வலித்தது.

ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், எல்லாம் வலது கண்ணால் வந்த வினை. ஏழு வருஷம் பட்டாளத்தில் லாரி, அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் மில்லில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பஸ். ஒரு சின்னக் கீறல்கூட விழாமல் ஓட்டியவர். நாலைந்து வருஷமாகவே வலது கண்ணில் ஓரமாக ஒரு புகைமூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறது. இன்னும் மூன்று மாதத்தில் மருத்துவச் சோதனை. அதில் தேற மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும், மில் மேனேஜருக்கும் தெரியும். மேனேஜர் நல்ல மனிதர். கேட் அருகே நேரக்காப்பாளர் நாற்காலி காலியாகும்போது உங்களுக்குத்தான் என்று அப்போதே சொல்லிவைத்தார். ஆனால் பட்டம் இருக்கவேண்டும், அது மேலிடத்து விதி. இல்லாவிட்டால் மூட்டை இறக்கும் முற்றம்தான். இந்த முதுகை வைத்துக்கொண்டு அங்கே ஒரு மாதம் தாங்குவாரா என்பது சந்தேகம்.

தபால் வழியில் சேர்ந்து எல்லாத் தாளையும் எழுதித் தேறிவிட்டார். உலக இலக்கியம் என்ற ஒரே ஒரு தாள்தான் காலைப் பிடித்து இழுத்தது. அதில் ஓர் அமெரிக்கப் போர் நாவல் பாடமாக இருந்தது. வருஷா வருஷம் வரும் கேள்வியும் ஒன்றேதான்: 'இந்நாவலின் முக்கியக் கருப்பொருள்களை விளக்குக.' பதினைந்து மதிப்பெண். கடையில் விற்கும் கைடில் இதற்கு ஐந்து தலைப்புகள் இருந்தன. வீரம், அச்சம், தோழமை, போரின் வீண்தன்மை, தாயகம் திரும்புதல். தலைப்புக்கு நாலு வரி. எல்லோரும் அந்த இருபது வரியை ஒப்பித்துவிட்டுத் தேறிப் போனார்கள். ஒருத்தன்கூட நாவலைக் கையால் தொட்டது கிடையாது. டிரைவர் அதை நாலு தடவை படித்தார். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

நாவலில் ஒரு படைப்பிரிவு ஒரு பாலத்தைக் காவல் காக்கிறது. அந்தப் பாலத்தால் யாருக்கும் பயனில்லை, ஆனால் காவலை விலக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. இதெல்லாம் சரி. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஒரு லாரி டிரைவர் வருகிறான். கருகிப்போன பழத்தோட்டத்தின் ஓரத்தில் எஞ்சினை அணைக்காமல் யாருக்காகவோ காத்திருக்கிறான். இரண்டே பக்கம்தான். அதற்குப் பிறகு நாவல் முடியும்வரை அவன் பேச்சே இல்லை. ஏற்ற வேண்டியவர்கள் வந்தார்களா, அவன் கிளம்பினானா, ஒன்றும் தெரியாது. எழுதியவருக்கே அவன் மறந்துபோய்விட்டான். கைடு போட்டவருக்கோ அவன் இருப்பதே தெரியாது. பஸ் டிரைவருக்கு இது பொறுக்கவில்லை. முதல் தடவை பரீட்சையில் அந்த லாரிக்காரனைப் பற்றி ஏழு பக்கம் எழுதினார். பதினைந்துக்கு இரண்டு மார்க் வந்தது. அடுத்த தடவை ஒன்பது பக்கம். அதற்கும் இரண்டுதான். சரி, நாம் சொல்வதை இவர்கள் நம்பவில்லை போலிருக்கிறது, சான்று காட்டி எழுதுவோம் என்று மூன்றாம் தடவை முடிவு செய்தார். கேள்வித்தாளிலேயே 'தக்க எடுத்துக்காட்டு தருக' என்று அச்சடித்திருந்ததே! பெயர் இல்லாமல் என்ன எடுத்துக்காட்டு? எழுதினார். அதற்குத்தான் விசாரணை.

விசாரணை முடிந்த மறுநாளே மனைவி கைடைக் கையில் எடுத்துவிட்டாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்துப் பொறுமையும் வளர்ந்திருந்தது, வாயும் வளர்ந்திருந்தது. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே தினமும் சாயங்காலம் பாடம் கேட்பாள்.

"ஒண்ணாவது தலைப்பு என்ன?"

"வீரம்."

"கீழே நாலு வரி?"

டிரைவர் மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார். இரண்டாவதிலிருந்து ஐந்தாவதுவரை தண்ணீர் மாதிரி ஓடும். ஒன்றாவதில் மட்டும் வண்டி நின்றுவிடும்.

"ஆயிரம் மாத்திரை பேரு நான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். உங்களுக்கு நாலு வரி நிக்கலையா? வேணும்னே பண்றீங்களா?"

"வரலைன்னா விடேன்."

"எப்படி விடுறது? மூட்டை தூக்கப் போறீங்களா?" அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "வீரத்தைப் பத்தி எழுத வரலைன்னு வேற யாராவது சொன்னாக்கூடப் பரவாயில்ல. சுவத்துல மாட்டி வச்சிருக்கு. அதைப் பார்த்து எழுதுங்க."

சுவரில் பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்த சான்றிதழ் இருந்தது. கல்யாணமாகி வந்த வாரத்திலேயே அவள்தான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். கடும் குண்டுவீச்சுக்கு நடுவே வாகனத்தைச் சேதமின்றிக் கொண்டுவந்து சேர்த்த வீரத்துக்காக என்று அதில் எழுதியிருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவாள். அப்போதெல்லாம் அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அடக்கம் என்று எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள்.

"அன்னிக்கு என் வாட்ச் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்" என்றார் டிரைவர்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். ஆற்று வளைவில் காவலில் இருந்த மூன்று பேரை ஏற்றி வரவேண்டும். சாயங்காலம் நாலு மணிவரை நிற்கலாம், நாலுக்கு வண்டியை எடுத்துவிடவேண்டும், யார் வந்தாலும் வராவிட்டாலும். அதுதான் உத்தரவு. எதற்கும் தாமதமாகப் போகக்கூடாது என்று கைக்கடிகாரத்தை எப்போதும் ஐந்து நிமிடம் கூட்டி வைத்திருக்கிற பழக்கம் அவருக்கு. முன்னும் பின்னும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. முள் நாலைத் தொட்டதும் எடுத்துவிட்டார். இரண்டு திருப்பம் தாண்டிய பிறகுதான் கூட்டி வைத்தது நினைவுக்கு வந்தது. பாதை ஒற்றைத் தடம், லாரியைத் திருப்ப முடியாது. திருப்பியிருக்க முடியுமோ என்னவோ, அவர் இறங்கிப் பார்க்கவில்லை. அந்த மூன்று பேரும் நாலு மணிக்குச் சரியாக அங்கே வந்து நின்றார்களா, வரவே இல்லையா என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. வண்டியில் கீறல் இல்லை. மேலதிகாரி தோளில் தட்டினார். இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது.

மனைவி துணியை மடிப்பதை நிறுத்தியிருந்தாள். அவர் கையில் கடிகாரம் கட்டுவதில்லை என்பதை, கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கித் தந்ததுகூட இன்னும் டப்பாவிலேயே கிடக்கிறது என்பதை, அவள் இத்தனை வருஷம் வேறு மாதிரி நினைத்திருந்தாள். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் எழுந்து பார்த்தபோது சுவரில் சான்றிதழ் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

பரீட்சையன்று தெருமுனைவரை கூடவே வந்தாள். பேனா இரண்டு, பென்சில், அடிக்கோல் எல்லாம் இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்தாள்.

"பேரு எதுவும் எழுதிடாதீங்க" என்றாள். "நோட்டு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். சாயங்காலம் வந்து அதுல எழுதுங்க. எத்தனை பக்கம் வேணும்னாலும் எழுதுங்க. நான் படிக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார்.

தேர்வறையில் பிள்ளை வயதில் இருந்தவர்களுக்கு நடுவே முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார். கேள்வித்தாளைத் திருப்பினால் கடைசியில் அதே கேள்வி. எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எழுத ஆரம்பித்தார். அடிக்கோல் வைத்து ஐந்து தலைப்புகளையும் கோடிட்டார். வீரம் என்று எழுதினார். இத்தனை நாள் வராமல் முரண்டு பிடித்த நாலு வரியும் அன்றைக்கென்று பார்த்து வரிசையாக வந்து நின்றன. 'வீரம் என்பது கடமையைக் குறித்த நேரத்தில் செய்து முடித்தலாகும்' என்பது அதில் முதல் வரி. கை எழுதியது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்தத் தடவை தேறிவிடுவோம் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் அழுகை வரும்போல, யாரையாவது பிடித்து அறைய வேண்டும்போல இருந்தது.

எழுதி முடித்தபோது விடைத்தாளில் நிறையப் பக்கங்கள் மீந்திருந்தன. கண்காணிப்பாளர் அம்மா வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே, "எழுதாத பக்கத்துலெல்லாம் குறுக்கே கோடு போட்டுடுங்க. காலியா விட்டா வாங்க மாட்டேன்" என்றார்.

டிரைவர் அடிக்கோலை மூலைக்கு மூலை வைத்துக் கோடு போட ஆரம்பித்தார். ஒரு பக்கம். திருப்பினார். இன்னொரு பக்கம். இங்கே ஏழு பக்கம் எழுதலாம், இங்கே ஒன்பது எழுதலாம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே போனது. வலது கண்ணின் புகையில் கோட்டின் முடிவு தெரியாமல் ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தாளைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று கேள்விகளைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். கடைசிப் பக்கம் வந்தது. அடிக்கோலை வைத்தார். பேனாவை ஊன்றினார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார் கண்காணிப்பாளர்.

பேனா நின்றது.

அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. கண்காணிப்பாளர் தாள்களை அடுக்கி நூல் கட்டிக்கொண்டே அவரைப் பார்த்தார். பசி நேரம். "முடிச்சிட்டீங்கல்ல? கோடு போட்டுக் குடுத்துட்டுப் போகலாமே சார். எதுக்கு வெயிட் பண்றீங்க?"

"அஞ்சு நிமிஷம் இருக்குன்னு சொன்னீங்களே மேடம்."

"இருக்கு. ஆனா எழுதலையே நீங்க."

"பரவாயில்லைங்க. இருக்கிற வரைக்கும் இருக்கேன்."

கண்காணிப்பாளர் என்னவோ முணுமுணுத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தப் போனார். டிரைவர் அடிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார். வெள்ளையாக இருந்த அந்தக் கடைசிப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல், திறந்திருந்த வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.